கண்ணைத் திறக்க முடியாத அம்மாவுக்கு போடாக்ஸ் ஊசி: போடலாமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 63. ஒன்றரை ஆண்டுகளாக அவருடைய இரண்டு கண்களும் தாமாகவே இறுக மூடிக்கொள்கின்றன. தொடக்கத்தில் வெயிலில் போகும்போது மட்டும் அடிக்கடி இமைத்தார். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தோம். பிறகு இடக்கண் துடிக்கிறது என்றார். பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்ல சேதி வரும் என்று பெரியம்மா மகிழ்ந்தார். இப்போது செய்தித்தாளில் நான்கு வரி படிப்பதற்குக்கூட ஆட்காட்டி விரலால் ஓர் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாலையைக் கடக்கும்போது நடுவழியில் கண் மூடிக்கொண்டதால் ஒரு முறை ஆட்டோ உரசிவிட்டுப் போனது. அன்றிலிருந்து அவரைத் தனியாக வெளியே அனுப்புவதில்லை. ஆனால் ஏதேனும் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடந்தால் மட்டும் கண் திறந்தே இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுத்தான் உறவினர்கள் பலரும் இது உடம்பில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பார்த்த கண் மருத்துவர்கள் மூவரும் கண்ணில் ஈரம் குறைவு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். நான்காவதாகப் போன நரம்பியல் மருத்துவர் ஐந்து நிமிடம் அம்மாவைப் பேசவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சீட்டில் 'பிளெபரோஸ்பாசம்', அதாவது இமை இழுப்பு நோய் என்று எழுதி, போடாக்ஸ் எனப்படும் பொட்டுலினம் ஊசி போட்டால் சரியாகும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டியிருக்கும் என்றார். அன்று மாலையே வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. அது நடிகைகள் முகச் சுருக்கத்துக்குப் போடுகிற ஊசி, அறுபது வயதுக்கு மேல் இவளுக்கு எதற்கு என்கிறார் மாமா. உலகத்திலேயே கொடிய நஞ்சு அதுதான் என்று எங்கோ படித்ததாகச் சொல்கிறார் சித்தப்பா. இருவரும் ஒரே மருந்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதே எனக்குப் புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இமைப்பொழுது எழுதியது:

உங்கள் அம்மா விரலால் இமையைத் தூக்குவதை வாசித்தபோது ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய என்னையே பார்த்தது போல் இருந்தது. எனக்கும் அதே நோய்தான். பாட்டை முணுமுணுப்பதால் கண் திறக்கிறது என்பது மனநோயின் அடையாளம் இல்லை. இந்த நோயின் அடையாளம். மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை தடம் மாறுவதால் வரும் தசை இழுப்பு நோய்களில், பாடுவது, மெல்லுவது, நெற்றியோரத்தைத் தொட்டுக்கொள்வது போன்ற சிறு செயல்கள் இழுப்பைச் சற்று நேரம் தளர்த்தும். நான் சூயிங்கம் மென்றுகொண்டே அலுவலகம் போனேன். மேலாளர் எதிரில் அது மரியாதையாக இல்லை என்பதால் பிறகு கிராம்புக்கு மாறினேன்.

மாத்திரைகளும் முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கம் வந்ததே தவிர கண் திறக்கவில்லை. ஊசியைப் பற்றிச் சொல்கிறேன். இன்சுலின் போடுகிற அளவுக்கு மெல்லிய ஊசி. கண்ணுக்குள் போடுவதில்லை, கண்ணைச் சுற்றி வளையமாக இருக்கும் தசையில் தோலுக்குச் சற்றுக் கீழே போடுகிறார்கள். ஒவ்வொரு கண்ணைச் சுற்றியும் மூன்று நான்கு இடங்கள். எறும்பு கடித்தது போன்ற எரிச்சல் இருக்கும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அன்றே பலன் தெரியும் என்று எதிர்பார்த்துப் போய் நான் ஏமாந்தேன். மூன்றாம் நாளுக்கு மேல்தான் தளர்வு தொடங்கியது, இரண்டாம் வாரத்தில் முழுதாகத் தெரிந்தது, பதினோராம் வாரத்தில் பழைய இழுப்பு மெல்லத் திரும்பியது. நோய் குணமாவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கண்ணைக் கடனாக வாங்கிக்கொள்கிறேன் என்று நானே சொல்லிக்கொள்வதுண்டு.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இழுப்பு இரண்டு கண்ணிலும் இருக்கிறதா, அல்லது ஒரே பக்கம் கண்ணோடு கன்னமும் வாயோரமும் சேர்ந்து இழுக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் என்றால் அது வேறு நோய். மூளைத்தண்டின் அருகே முக நரம்பின் மேல் ஓர் இரத்தக் குழாய் அழுத்துவதால் பெரும்பாலும் வருவது. அதற்கும் இதே ஊசி போடுவார்கள், ஆனால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள், அறுவை சிகிச்சை என்ற வழியும் உண்டு.

பழைய மருந்துக்கடை எழுதியது:

நாற்பது ஆண்டுகள் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மாமா வரலாற்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். அழகுக்காக வந்த மருந்தைக் கண் நோய்க்குப் போடவில்லை. கண் நோய்க்கு வந்த மருந்துதான் பிறகு அழகுக்குப் போனது. அதுவும் உங்கள் அம்மாவுக்கு இருக்கும் இதே நோயின் வழியாகப் போனது.

ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் சான்ஃபிரான்சிஸ்கோவில் மாறுகண்ணை அறுவை இல்லாமல் நேராக்க வழி தேடினார். கண்ணை ஒரு பக்கம் இழுக்கும் தசையைச் சிறிது தளர்த்திவிட்டால் போதும் என்பது அவருடைய எண்ணம். அதற்குத் தேவையான தூய நச்சைக் கொடுத்தவர் எட்வர்ட் ஷான்ட்ஸ் என்ற உயிர்வேதியியலாளர். முன்பு அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடத்தில் இதைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தவர். ஸ்காட் குரங்குகளில் செய்த ஆய்வு 1973இல் வெளியானது, மனிதர்களில் செய்தது 1980இல். மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் அமெரிக்க அரசு 1989 டிசம்பரில் அனுமதி தந்தபோது மருந்தின் பெயர் 'ஆக்குலினம்'. கண்ணை நேராக்குவது என்ற பொருளில் வைத்த பெயர். 1991இல் அலர்கன் நிறுவனம் வாங்கிய பின்புதான் 'போடாக்ஸ்' ஆயிற்று.

1987இல் கனடாவின் வான்கூவரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமை இழுப்புள்ள ஒரு பெண்ணுக்கு இந்த ஊசியைப் போட்டுவந்தார். ஊசி போட்ட பிறகு தன் புருவங்களுக்கு இடையிலிருந்த கோடுகள் மறைந்து முகம் அமைதியாகத் தெரிவதாக அந்தப் பெண் சொன்னார். ஜீனின் கணவர் அலஸ்டெர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து தங்கள் வரவேற்பாளரிடம் போட்டுப் பார்த்து, பிறகு பலரிடம் ஆய்ந்து, 1992இல் கட்டுரை வெளியிட்டார்கள். புருவக் கோட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2002இல், அதாவது கண் நோய்க்கு அனுமதி கிடைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. மாமாவிடம் சொல்லுங்கள், நடிகைகள்தாம் உங்கள் அம்மாவின் ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஐயந்திரிபு எழுதியது:

வரலாறு சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் சித்தப்பாவின் கேள்விக்கு அது விடை ஆகாது. கெட்டுப்போன டப்பா உணவில் இருந்து மூச்சுத் தசைகளை முடக்கிக் கொல்லும் அதே நச்சுதானே இது? நோயாளிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஊசி போட்ட இடத்திலேயே நச்சு நிற்கும் என்று யார் உறுதி தருவது? 'சிறிய அளவு' என்ற சொல்லை எல்லோரும் சொல்கிறார்கள், எவ்வளவு சிறிது என்று யாரும் எண்ணிக்கை சொல்வதில்லை.

பழைய மருந்துக்கடை எழுதியது:

நியாயமான கேள்வி. எண்ணிக்கையோடு சொல்கிறேன்.

நச்சு என்பதை மறைக்க ஒன்றுமே இல்லை. இதன் பெயரே இலத்தீனில் தொத்திறைச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்ட தொத்திறைச்சி தின்று மக்கள் இறந்ததை யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் 1820களின் தொடக்கத்தில் விரிவாக எழுதினார். கவிஞரும்கூட. அந்த நச்சைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தவர், மிகச் சிறு அளவில் கொடுத்தால் கட்டுக்கு அடங்காத தசை அசைவுகளுக்கு மருந்தாகலாம் என்றும் அப்போதே எழுதிவைத்தார். இந்த நச்சை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்தது 1895இல், பெல்ஜியத்தின் எல்செல் என்ற ஊரில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்கலைஞர்கள் கெட்ட பன்றித்தொடை இறைச்சியைத் தின்று நோயுற்று, அவர்களில் மூவர் இறந்த பிறகு.

இது செய்கிற வேலை ஒன்றே. நரம்பின் நுனியிலிருந்து 'சுருங்கு' என்ற சேதியைத் தசைக்குக் கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அதை வெளியே தள்ளிவிடும் புரதங்களில் ஒன்றை இந்த நச்சு கத்தரித்துவிடுகிறது. நரம்பு சாவதில்லை, தசையும் சாவதில்லை. சேதி மட்டும் நின்றுபோகிறது. சில மாதங்களில் நரம்பு நுனி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், தசை மீண்டும் சுருங்கும். மூன்று மாதக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. விழுங்கும் தசையிலும் மூச்சுத் தசையிலும் இதே வேலை நடந்தால் சாவு, கண் வளையத் தசையில் நடந்தால் சிகிச்சை.

அளவுக்கு வருவோம். இதை மில்லிகிராமில் அளப்பதில்லை, 'யூனிட்' என்பார்கள். ஒரு கூட்டம் சுண்டெலிகளில் ஒவ்வொன்றுக்கும் போட்டால் அவற்றில் பாதி சாகும் அளவே ஒரு யூனிட். இமை இழுப்புக்கு முதல் முறை ஓர் இடத்துக்கு ஒன்றேகால் முதல் இரண்டரை யூனிட் வரை போடுவார்கள். கண்ணுக்கு மூன்று இடம் என்றால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அதிகபட்சம் 15. குரங்கு ஆய்வுகளை வைத்து மனிதருக்குக் கணக்கிடும் கொல்லும் அளவு ஏறத்தாழ 3,000 யூனிட். 100 யூனிட் குப்பியில் நச்சு இருப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு; குப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் மெல்லிய படலம் தெரியும், அதுகூட உடன் சேர்த்த உப்பும் மனித இரத்தத்திலிருந்து பிரித்த ஆல்புமினும்தான். சைவ வீட்டார் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் கேள்வியில் இருக்கும் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். நச்சு போட்ட இடத்தை விட்டுப் பரவி விழுங்கவும் மூச்சுவிடவும் இடைஞ்சல் செய்யலாம் என்று அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்க வேண்டும் என 2009இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. அத்தகைய பாதிப்பு பெரும்பாலும் தசை இறுக்கத்துக்கு அதிக யூனிட் போட்ட மூளைவாத (செரிபிரல் பால்சி) குழந்தைகளிடம் காணப்பட்டது. மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆபத்து. ஜென்டாமைசின் வகை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நடைவண்டி எழுதியது:

நான் இயன்முறை மருத்துவர். எங்கள் துறையில் இதே ஊசி பக்கவாதம் வந்தவர்களுக்குப் போடப்படுகிறது. பக்கவாதம் வந்து ஆறேழு மாதத்தில் சிலருக்குக் கை முழங்கையில் மடங்கி, விரல்கள் இறுக மூடி, நகம் உள்ளங்கையில் பதியும். நான் பார்த்த ஒரு பெரியவருக்கு உள்ளங்கையில் புண் வைத்து நாற்றமே எடுத்திருந்தது; நகம் வெட்ட இருவர் சேர்ந்து விரலைப் பிரிக்க வேண்டும், அவர் வலியில் கத்துவார். முன்கைத் தசைகளில் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்து, அவருடைய மருமகள் ஒருவராகவே விரல்களைப் பிரித்துக் கழுவிப் பவுடர் போட்டுவிட்டார். அவரால் அந்தக் கையால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, இனியும் முடியாமல் போகலாம். ஊசி இறுக்கத்தைத்தான் எடுக்கும், போன பலத்தைக் கொண்டுவராது. இதைச் சொல்லாமல் ஊசி போட்டால் குடும்பம் ஏமாந்துபோகும்.

இன்னொன்றையும் மன வருத்தத்தோடு எழுதுகிறேன். தசை தளர்ந்திருக்கும் அந்த இரண்டு மூன்று மாதங்களில் நாள்தோறும் நீட்டிவிட்டு, பட்டை கட்டி, பயிற்சி கொடுக்க வேண்டும். முன்பாதத்தால் மட்டும் நடக்கும் மூளைவாதக் குழந்தைக்குக் கெண்டைக்கால் தசையில் போட்டாலும் இதே கதைதான். கடன் வாங்கி ஊசி போட்டுவிட்டுப் பயிற்சிக்கு வராமல் போகிறவர்களே அதிகம்.

கோடைமழை எழுதியது:

இதுவரை எல்லோரும் நோயைப் பற்றி எழுதினீர்கள். நான் அழகுக்காகப் போட்டுக்கொண்டவள், அதை ஒளிக்க விரும்பவில்லை. தங்கையின் திருமணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, முகத்துக்கு ஃபேஷியல் செய்யும் ஓர் அழகு நிலையத்தில் 'போடாக்ஸ் சலுகை' என்று பலகை பார்த்துப் போனேன். போட்டவர் மருத்துவரா என்று நான் கேட்கவே இல்லை. எத்தனை யூனிட் என்று கேட்டதற்கு 'இரண்டு சிரிஞ்சு' என்றார். ஆறாம் நாள் காலை பல் துலக்கும்போது கண்ணாடியில் வலது இமை பாதிக்கு இறங்கியிருந்தது. திருமணப் படங்கள் எல்லாவற்றிலும் நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.

பிறகு பார்த்த தோல் மருத்துவர் விளக்கினார்: புருவத்துக்கு மிக அருகில் போட்டதால் மருந்து கீழே கசிந்து இமையைத் தூக்கும் தசையைத் தொட்டுவிட்டது. கண்ணில் விடும் அப்ராக்ளோனிடின் சொட்டு மருந்து இமையை ஓரிரு மில்லிமீட்டர் உயர்த்தியது. மீதி தானாகச் சரியாக ஏழு வாரம் ஆயிற்று. அதே மருத்துவரிடம் மறு ஆண்டு புருவக் கோட்டுக்கு ஐந்து இடங்களில் 20 யூனிட் போட்டுக்கொண்டேன், ஒரு குறையும் இல்லை. ஆம், மறுபடியும் போட்டுக்கொண்டேன்.

ஐயந்திரிபு எழுதியது:

மன்னிக்கவும், உங்களைப் புண்படுத்தும் நோக்கம் இல்லை. ஆனால் நோயாளிக்கே எட்டாத விலையில் இருக்கும் ஒரு மருந்தைப் புருவக் கோட்டுக்குச் செலவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அழகுக்கான பயன்பாட்டைத் தடை செய்துவிட்டால் போலியும் குறையும், விபத்தும் குறையும்.

இமைப்பொழுது எழுதியது:

நான் உடன்படவில்லை. கோட்டை எங்கே போடுவீர்கள்? என் தோழி ஒருத்தி வரைபடக் கலைஞர். உள்ளங்கை வியர்வையில் தாள் நனைந்து மை பரவும். கைகுலுக்க அஞ்சியே நேர்காணல்களைத் தவிர்த்தவள். வியர்வைச் சுரப்பிக்கு வரும் சேதியும் அசிட்டைல்கோலின்தான் என்பதால் இந்த ஊசி அங்கேயும் வேலை செய்கிறது. அவளுடையது நோயா, அழகா? மேலும், அழகுச் சந்தை பெரிதாக இருப்பதால்தான் பல நிறுவனங்கள் இந்த மருந்தைச் செய்கின்றன. எங்களைப் போன்ற சிலருக்காக மட்டும் செய்தால் விலை இன்னும் ஏறும் என்பது என் எண்ணம். கோடைமழை சகோதரிக்கு நடந்தது ஆசையின் குற்றம் இல்லை. யூனிட் தெரியாத கையின் குற்றம்.

தலைபாரம் எழுதியது:

சுருக்கமாக. மாதத்தில் 20 நாள் ஒற்றைத் தலைவலி எனக்கு. மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருப்பவர்களுக்குத்தான் இந்த ஊசி. அதற்குக் குறைவாக வருபவர்களுக்கு இல்லை. நெற்றி, பொட்டு, பின்தலை, கழுத்து, தோள் என்று 31 இடங்களில் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒரு முறை. முதல் சுற்றில் பெரிய மாற்றம் இல்லை, இரண்டாம் சுற்றுக்குப் பின் 20 நாள் 9 நாளாயிற்று. நெற்றிச் சுருக்கமும் போனது, அது இலவசம்.

பழைய மருந்துக்கடை எழுதியது:

ஐயந்திரிபு ஐயாவின் கவலை எனக்கும் உண்டு, ஆனால் வேறு காரணத்துக்காக. 2004இல் ஃபுளோரிடாவில் ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குறித்திருந்த நச்சை அழகு ஊசியாகப் போட்டதில் நால்வர் உடல் செயலிழந்து செயற்கை மூச்சில் கிடந்தார்கள். போட்டவரும் அவர்களில் ஒருவர். 2023இல் துருக்கியில் உடல் எடை குறைய இரைப்பைச் சுவரில் இதைப் போட்டுக்கொண்ட அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு, இந்த நச்சால் தசைகள் முடங்கும் பொட்டுலிச நோய் வந்தது. மருந்து ஒன்றே ஆனாலும் அளவும் இடமும் தவறினால் கெர்னர் எழுதிய அந்தப் பழைய நோயாகவே மாறிவிடுகிறது.

ஆகவே குப்பியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். போடாக்ஸ் குப்பிக்குள் காற்று இருக்காது. சலைன் ஊசியை மூடியில் குத்தியதும் குப்பி தானாகவே நீரை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சவில்லை என்றால் அதைத் தூக்கிப் போட வேண்டும். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், கரைத்த பின் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். எந்த நிறுவனத்தின் மருந்து, எத்தனை யூனிட், எத்தனை இடம் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். டிஸ்போர்ட் என்ற வேறு நிறுவனத்துப் பொட்டுலினம் மருந்தின் யூனிட்டும் போடாக்ஸின் யூனிட்டும் ஒன்றல்ல. வெளியூரில் அடுத்த ஊசி போட நேர்ந்தால் அந்தச் சீட்டு இல்லாமல் மருத்துவர் கணக்கிட முடியாது.

இழைக்குப் புறம்பான ஒரு சொல்: பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் தேனைத் தவிர்த்துவிடுங்கள். இதே கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம், ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நச்சு உண்டாக்கும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இருவாரம் கழித்து எழுதுகிறேன். அம்மாவுக்கு ஊசி போட்டாயிற்று. அம்மாவுக்கு இழுப்பு இரு கண்ணிலும்தான் என்று மருத்துவர் உறுதி செய்தார். குப்பி உறிஞ்சுவதைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதும் செவிலியர் சிரித்துவிட்டார், ஆனால் காட்டினார். இரு கண்ணுக்கும் சேர்த்து 15 யூனிட். மேல் இமையின் நடுப்பகுதியில் மட்டும் போடவில்லை. அங்கே போட்டால் இமை இறங்கிவிடும் என்று மருத்துவரே சொன்னார். நான்கு மணி நேரம் படுக்க வேண்டாம், கண்ணைக் கசக்க வேண்டாம் என்றார். நான்காம் நாள் அம்மா அடுக்களையில் பாடாமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள்தான் கவனித்தோம், அவர் கவனிக்கவில்லை.

இரண்டு சிக்கல்கள். கண் முன்போல முழுதாக மூடாததால் காலையில் எரிச்சல் இருக்கிறது. அடுத்தது, காப்பீட்டு நிறுவனம் 'அழகுச் சிகிச்சை' என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டது.

இமைப்பொழுது எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. எரிச்சலுக்குப் பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் இரவில் கண் களிம்பும் கேட்டு வாங்குங்கள். இமைப்பது குறைவதால் கருவிழி உலர்ந்துவிடும், அலட்சியம் வேண்டாம். கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே காட்டிவிடுங்கள். காப்பீட்டுக்கு, நோயின் பெயரோடு ஜி24.5 என்ற சர்வதேசக் குறியீட்டையும் போட்டு நரம்பியல் மருத்துவரிடம் கடிதம் வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். எனக்கு இரண்டாம் முறை அப்படித்தான் கிடைத்தது. சீட்டில் 'போடாக்ஸ்' என்று மட்டும் எழுதவிடாதீர்கள். 'பொட்டுலினம் டாக்சின், இமை இழுப்பு நோய்க்கு' என்று எழுதச் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

கடிதம் கொடுத்திருக்கிறோம். அடுத்த ஊசிக்கு 12 வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். அன்று தானும் உடன் வருவதாக மாமா சொல்கிறார். அவருக்குப் பல ஆண்டுகளாகக் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியே இருக்கிறது. தாடையை விரலால் தொட்டால் மட்டும் நேராகிறது. இதுவும் அதே வகை நோயாக இருக்குமோ என்று முதல் பதிலைப் படித்துக் காட்டியபோது கேட்டார்.

நடைவண்டி எழுதியது:

இருக்கக்கூடும். தாடையைத் தொட்டால் நேராகிறது என்பதை மருத்துவரிடம் அவரே செய்து காட்டட்டும். கழுத்துத் தசைக்குப் போடும்போது யூனிட் அதிகம், விழுங்குவதில் சில நாள் சிரமம் வரலாம். அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.